கடனோடு ஒரு கம்பெனி கார்: பதினான்கு மாத லீஸும் ஒரு பழைய வேகன் ஆரும்

2024 ஜூனில் வண்டி கைக்கு வந்த அன்று நேராக சேலம் ராஜகணபதி கோயிலுக்குத்தான் ஓட்டிப் போனேன். மாலை போட்டு, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, தேங்காய் சுற்றி உடைத்தாயிற்று. ஆர்சி யார் பெயரில் இருக்கிறது என்று குருக்கள் கேட்கவில்லை. என் பெயரில் இல்லை. என் கம்பெனி பெயரிலும் இல்லை. வெளியூரில் இருக்கும் ஒரு லீஸ் நிறுவனத்தின் பெயரில். அர்ச்சனை மட்டும் என் நட்சத்திரத்துக்கு நடந்தது.

அந்தக் காரை பதினான்கு மாதம் ஓட்டினேன். திருப்பிக் கொடுத்துவிட்டு இப்போது 2019 மாடல் வேகன் ஆர் ஓட்டுகிறேன். கடன் கட்டிக்கொண்டிருக்கும்போது கம்பெனி கார் எடுக்கலாமா, சொந்தமாக வாங்கலாமா என்று என் வேலையில் இருக்கும் மூன்று பேராவது கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆகிறது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

என் வேலை, மருத்துவ லேப்களுக்கு ரீஏஜென்ட் விற்பது. ரத்தப் பரிசோதனை மெஷினில் ஊற்றுகிற ரசாயனம். சேலம், நாமக்கல், ஆத்தூர், மேட்டூர், திருச்செங்கோடு, மாதம் இரண்டு தடவை ஏற்காடு. ஆபீஸ் வேலையாக மட்டும் மாதம் 2,200 கிலோமீட்டர் ஓடும். இதற்கு முன் ஸ்கூட்டரும் வாடகைக் காருமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏரியாவைப் பெரிதாக்கியதும் கார் கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வழி வைத்தார்கள். ஒன்று லீஸ் திட்டம். இல்லையென்றால் சொந்தக் கார் வைத்துக்கொள், ஆபீஸ் வேலைக்கு ஓடும் கிலோமீட்டருக்கு 8 ரூபாய் 50 காசு தருகிறோம்.

வீட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரருக்கு சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. வியாபாரி வெள்ளி கொடுப்பார், இவர்கள் கூலிக்குக் கொலுசு செய்து கொடுப்பார்கள். வெள்ளி விலை ஏற ஏற வாங்குகிறவர்கள் எடை குறைந்த கொலுசாகக் கேட்பார்கள், அப்புறம் வாங்குவதையே தள்ளிப்போடுவார்கள். கூலி படுத்துவிடும். 2025-ல் வெள்ளி கிலோ 2 லட்சத்தைத் தாண்டியது என்று செய்தியில் கொண்டாடினார்களே, எங்கள் தெருவில் அது துக்கச் செய்தி. பட்டறை மெஷினுக்கு வாங்கிய பேங்க் கடன் 6 லட்சம், என் நகைகளை வைத்த கடன் 4,20,000, சித்தப்பாவிடம் கைமாற்று 1,50,000. இதுதான் நான் லீஸ் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்று இருந்த கணக்கு.

ஏன் போட்டேன் என்றால், முன்பணம் இல்லை. ஒரு ரூபாய்கூட இல்லாமல் புதுக் கார். கடனில் இருப்பவளுக்கு இதைவிட இனிக்கிற வார்த்தை வேறு எது? கூடவே ஹெச்ஆர் அனுப்பிய எக்செல் ஷீட்டில், மாத வாடகை 21,400, 30 சதவீத வரி மிச்சம், வருஷத்துக்கு 77,040 ரூபாய் லாபம் என்று பச்சை நிறத்தில் போட்டிருந்தது.

இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். 'கம்பெனி கார்' என்று இரண்டு விதத்தைச் சொல்கிறோம். சம்பளத்துக்கு மேல் கம்பெனியே வாங்கிக் கொடுப்பது ஒன்று. அது கிடைத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள், மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். எனக்குக் கொடுத்தது இரண்டாவது வகை. என் சிடிசிக்குள்ளிருந்தே, அதாவது எனக்கென்று கம்பெனி ஒதுக்கும் மொத்தச் சம்பளத்திலிருந்தே, 21,400-ஐ எடுத்து லீஸ்காரருக்குக் கட்டுவார்கள். காசு என்னுடையது, பெயர்தான் கம்பெனி கார். 79,000 வந்துகொண்டிருந்த சம்பளம் 59,000 சொச்சமாக வர ஆரம்பித்தது.

வரி மிச்சம் என்பது பொய்யில்லை. 1.6 லிட்டருக்குள் இன்ஜின் இருக்கிற காரை ஆபீஸுக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஓட்டினால், அந்தச் சலுகையின் மதிப்பாக நான் லீஸில் இருந்தபோது மாதம் 1,800 ரூபாயை மட்டும் வருமானத்தில் சேர்த்தார்கள். மீதி வாடகைக்கு வரி இல்லை. புதிய வரி முறையிலும் இது உண்டு. ஆனால் 30 சதவீதம் என்பது 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு. 2024-25-ல் என் வருமானத்தில் இந்தப் பணம் விழுந்த இடம் 10 சதவீத அடுக்கு. பத்து மாத வாடகைக்கு எனக்கு உண்மையில் மிஞ்சியது செஸ் எல்லாம் சேர்த்து 20,400 ரூபாய்.

அப்புறம் 2025 பிப்ரவரி 1 பட்ஜெட் வந்தது. புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை, சம்பளக்காரர்களுக்கு 75,000 கழிவும் சேர்த்து 12,75,000 வரை இல்லை. ஆபீஸில் எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. என் சம்பளம் அந்தக் கோட்டுக்குக் கீழே. கார் இருந்தாலும் வரி பூஜ்யம், இல்லாவிட்டாலும் பூஜ்யம். அந்தப் பச்சைக் கட்டத்தில் இருந்த 77,040 ஏப்ரல் முதல் எனக்குப் பத்துக் காசுகூடக் கொடுக்காது. ஹெச்ஆரிடம் கேட்டேன். "ஸ்கீம் எல்லாருக்கும் காமன் மேடம்" என்றார்.

வண்டியைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். 4 மீட்டருக்குள் அடங்குகிற சின்ன எஸ்யூவி. ராத்திரி பத்து மணிக்கு தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்கும்போது அந்த பிரேக்கும் ஆறு ஏர்பேக்கும் தரும் தைரியம் தனி. இன்சூரன்ஸ் புதுப்பித்தல், சர்வீஸ், எதையும் நான் நினைத்துப் பார்க்கவே வேண்டாம். வீட்டு வாசலில் வந்து எடுத்துப்போய்க் கழுவிக் கொண்டுவந்து விடுவார்கள். அந்தச் சுகத்தைப் பொய் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் வண்டி உங்களுடையது இல்லை என்பது ஒரு நாளில் தெரிந்துவிடும். எனக்கு அது 2025 மே மாதம், ஏற்காடு மலைப்பாதையில் தெரிந்தது. கோடை விழாக் கூட்டம். இருபது கொண்டை ஊசி வளைவில் பதினொன்றாவதில், மேலிருந்து வந்த வேனுக்கு ஒதுங்கியபோது இடது பின் டயர் கல்லில் உரசிப் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. ஸ்டெப்னியில் காற்று இல்லை. பார்த்து வைக்காதது என் தப்பு. அடிவாரத்தில் பஞ்சர் கடை இருக்கிறது. பைக்கில் வந்த ஒரு பையன், "அக்கா, ஸ்டெப்னியைக் கழட்டிக் கொடுங்க, அரைமணி நேரத்துல காத்தடிச்சுக் கொண்டாந்துர்றேன்" என்று நின்றான். லீஸ் ஹெல்ப்லைனுக்கு போன் போட்டேன். வெளி ஆள் வண்டியில் கை வைத்தால் டயருக்கு அவர்கள் பொறுப்பில்லை, போட்டோ அனுப்புங்கள், அனுமதி வந்ததும் எங்கள் ஆளே வருவார் என்றார்கள்.

பின்சீட்டில் ஐஸ் பெட்டி. ரீஏஜென்ட் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பெட்டியில் ஒட்டியிருக்கும் சின்னத் திரையில் எண் ஓடிக்கொண்டிருக்கும். 4.1 என்று இருந்தது. ஒரு மணி நேரத்தில் 5.3. துப்பட்டாவை நனைத்துப் பெட்டிமேல் போட்டேன். 6.6. ரீஏஜென்ட் கெட்டால் பல சமயம் நிறம் மாறாது, நாற்றம் வராது. ரிசல்ட் மட்டும் தப்பாக வரும். யாரோ ஒருவருடைய சர்க்கரை அளவு தப்பாக எழுதப்படும். 7.4 வந்தபோது மேலே போன ஒரு எஸ்டேட் ஜீப்பைக் கை காட்டி நிறுத்தி, டிரைவரிடம் பெட்டியைக் கொடுத்து, லேப் டெக்னீஷியனிடம் போனில் சொல்லி அனுப்பினேன். முன்பின் தெரியாத மனிதர். பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, பிரிட்ஜில் வைக்கிற வரை நின்று பார்த்தாராம். லீஸ்காரரின் வண்டி வர நாலரை மணி நேரம் ஆனது.

இன்னொன்று ஜிபிஎஸ். ஞாயிற்றுக்கிழமை மாமியாரை ஓமலூரில் அவர் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பெட்ரோல் என் காசு. திங்கட்கிழமை மீட்டிங்கில், "ஓமலூர்ல எந்த லேப் மேடம் ஞாயித்துக்கிழமை திறந்திருக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். சிரிப்புத்தான். ஆனால் மாதம் 21,400 கொடுத்து அந்தச் சிரிப்பை ஏன் வாங்க வேண்டும்?

இது எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். சித்தப்பா விஷயம்தான் பொறுக்கவில்லை. ஆடிப்பண்டிகைக்கு வாழப்பாடிப் பக்கம் ஊருக்குப் போயிருந்தோம். வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினேன். சித்தப்பா வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பானெட்டைத் தடவினார். "நல்லாருக்கு கண்ணு" என்றார். அவ்வளவுதான். சாப்பிடும்போது வழக்கமாகப் பக்கத்தில் உட்காருகிறவர் அன்று தள்ளி உட்கார்ந்தார். "கம்பெனி கார் சித்தப்பா" என்று நான் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. அவர் இன்னும் டிவிஎஸ் எக்ஸெல்லில் போகிறார். குச்சிக்கிழங்கு விற்ற காசைத்தான் எனக்குக் கொடுத்திருந்தார். கடன் கொடுத்தவர் கண் முன்னால் புதுக் காரில் போய் இறங்குவதற்கு எந்த எக்செல் ஷீட்டிலும் கட்டம் கிடையாது.

பேங்க்கும் அதே மாதத்தில் ஒரு பாடம் சொன்னது. மெஷின் கடனை வட்டி குறைவான இடத்துக்கு மாற்றலாம் என்று போனேன். லீஸ் என்பது என் பெயரில் கடன் இல்லை, சிபில் கடன் பதிவில் வராது என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். உண்மை, வரவில்லை. ஆனால் மேனேஜர் பார்த்தது சம்பளச் சீட்டை. கைக்கு வரும் சம்பளத்தில் ஏற்கெனவே இருக்கும் தவணை போக என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

ஆகஸ்டில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். நான்கு வருஷ லீஸை நடுவில் முறித்தால் மூன்று மாத வாடகை அபராதம், 64,200 ரூபாய். மூன்று தவணையாகச் சம்பளத்தில் பிடித்தார்கள். ஆக அக்டோபர் வரை இல்லாத காருக்கு வாடகை கட்டினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியது மாத வாடகையை இல்லை, இந்த ஒரு வரியைத்தான். வேலையை விட்டாலும் இதே கதை. கடனில் இருப்பவருக்கு நல்ல வேலை கிடைத்தால் தாவத் தெரிய வேண்டும். லீஸ் காலைக் கட்டிப்போடும்.

நடுவில் இரண்டு மாதம் பஸ்தான். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆத்தூர் பஸ்ஸில் போனேன். மீன் கொண்டுபோகிறேன் என்று நினைத்துப் பக்கத்து சீட் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. புது வண்டி விலை இறங்கவும் பழைய வண்டி விற்கிறவர்களும் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காத்திருந்தேன். புதிதே வாங்கலாமே என்று வீட்டுக்காரர் சொன்னார். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுள் வரி மட்டும் 13 சதவீதம். பழைய வண்டியில் அதை முதல் ஆள் கட்டிவிட்டார். அந்தப் புண்ணியவானுக்கு நன்றி.

எங்கள் பகுதி டிஎன் 30 பதிவு, 62,000 கிலோமீட்டர் ஓடியது, விலை 3,65,000. கடைசித் தவணை வரை கட்டி எடுத்த ஏலச்சீட்டுப் பணம் 1,50,000, மீதி 2,15,000-க்குக் கடன். பழைய காருக்கு வட்டி அதிகம்: எனக்கு 13.5 சதவீதம், 36 மாதம், தவணை 7,300. சீட்டுப் பணத்தை நகைக்கடனில் போட்டிருக்கலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் கார் இல்லாமல் இந்தச் சம்பளம் இல்லை.

வாங்கும்போது ஒரு இடத்தில் மட்டும் கறாராக இருந்தேன். ஆர்சியில் பழைய பேங்க்கின் ஹெச்பி, அதாவது வண்டி கடனுக்கு அடமானம் என்கிற பதிவு, இன்னும் இருந்தது. கடன் அடைத்தாயிற்று, பேங்க் கொடுத்த ஆட்சேபணையில்லாச் சான்று (என்ஓசி) இருக்கிறது என்று ஒரு காகிதத்தைக் காட்டினார்கள். தேதியைப் பார்த்தேன். காலாவதி. புது என்ஓசி வாங்கி, படிவம் 35 கொடுத்து ஹெச்பி நீக்கி, ஆர்சி என் பெயருக்கு மாறும் வரை 25,000 ரூபாயை நிறுத்திவைத்தேன். முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

இப்போது மாதக் கணக்கு. ஆபீஸ் ஓட்டம் 2,200 கிலோமீட்டருக்கு 8.50 வீதம் 18,700 வருகிறது. லிட்டருக்கு 18 கொடுக்கிறது, பெட்ரோல் 101 ரூபாய் சொச்சம் என்று வைத்தால், அது 12,400. சர்வீஸ், டயர் தேய்மானம் என்று மாதம் 3,000 தனியாக எடுத்துவைக்கிறேன், இன்சூரன்ஸுக்கு 800, தவணை 7,300. கூட்டிக் கழித்தால் கையிலிருந்து போவது 4,800. வீட்டு ஓட்டத்துக்கு பெட்ரோல் 1,700. மொத்தம் 6,500. லீஸில் ஆபீஸ் பெட்ரோலுக்குக் கார்டு கொடுத்தார்கள், இருந்தும் வாடகையும் வீட்டு பெட்ரோலும் சேர்ந்து 23,100 போனது. வித்தியாசம் 16,600.

புதுக் காரையும் ஆறு வருஷப் பழைய காரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா என்று கேட்பீர்கள். நியாயமில்லைதான். டிசம்பரில் ராசிபுரத்தில் கிளட்ச் போய்விட்டது. 9,200 ரூபாய். எடுத்துவைத்த காசு போதாமல் மேலே போட்டேன். ஏர்பேக்கும் இரண்டுதான். தொப்பூரில் ராத்திரி ஓட்டத்தை அதனால் குறைத்துக்கொண்டேன், தர்மபுரி வேலை இருந்தால் விடிகாலையில் கிளம்பிவிடுகிறேன். உயரமான கூரை என்பதால் ஐஸ் பெட்டியை நிமிர்த்தியே வைக்க முடிகிறது. ஏற்காட்டுக்கு இரண்டாவது கியரில் பொறுமையாக ஏறினால் ஏறிவிடுகிறது. போகும்போது அடிவாரத்தில் ஸ்டெப்னிக்குக் காற்றுப் பார்ப்பது இப்போது சாமி கும்பிடுவது மாதிரி ஆகிவிட்டது. டோலுக்கு 3,000 ரூபாய் வருஷ பாஸ் போட்டேன், 200 தடவை போகலாம். அக்கவுண்ட்ஸில் 200 ரசீது எங்கே என்று கேட்டார்கள். அது தனிக் கதை.

நவம்பர் முதல் அந்த 16,600 அப்படியே நகைக்கடனுக்குப் போகிறது. நகையை மூன்று பொட்டலமாகப் பிரித்து மூன்று கடனாக வைத்திருந்தேன். மொத்தமாக வைத்திருந்தால் மொத்தமாகத்தான் மீட்க வேண்டியிருக்கும். பவுன் லட்சத்தைத் தாண்டிய டிசம்பரில், அதே நகைக்கு இன்னும் கூடுதலாகப் பணம் தருகிறோம், மாற்றி வையுங்கள் என்று போன் வந்தது. வைத்துவிட்டேன், போனை. இந்த மாசியில் முதல் பொட்டலம், வளையல்கள், 62,000 கட்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

மதிப்பெண் கேட்டால், லீஸ் திட்டத்துக்கு ஐந்துக்கு இரண்டு. ஆனால் வருஷம் 24 லட்சத்துக்கு மேல் வருமானம் இருந்து, 30 சதவீத அடுக்கில் இருக்கிற என் ரீஜனல் மேனேஜருக்கு இதே வாடகையில் 2025-26 கணக்கில் 73,000 ரூபாய் நிஜமாகவே மிஞ்சியிருக்கும். அவர் நாலரை கொடுப்பார். அவர் கேட்டால் எடுங்கள் சார் என்றுதான் நானும் சொல்வேன். வேகன் ஆருக்கு நான்கு. கிளட்சுக்காக ஒன்றைக் குறைத்திருக்கிறேன்.

தீபாவளி இன்சென்டிவில் 40,000-ஐ சித்தப்பாவிடம் கொடுத்திருந்தேன். போன வாரம் கண் பரிசோதனைக்கு சேலம் வந்தவரை வாழப்பாடியில் கொண்டுபோய் விட்டேன். முன்சீட்டில் உட்கார்ந்தார். கதவில் முன்பு ஓட்டியவர் விட்டுப்போன ஒரு நெளிசல் இருக்கிறது. ஏறும்போதே விரலால் தடவிப் பார்த்துவிட்டார். அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் கேட்டார்.

"ஏன் கண்ணு, இதைத் தட்டி எடுத்துட்டா என்ன?"

"இரண்டாயிரம் கேட்கிறாங்க சித்தப்பா. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"எடப்பாடி ரோட்டுல எனக்குத் தெரிஞ்ச பையன் இருக்கான். ஐந்நூறுக்குத் தட்டுவான். நான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். ஏசி வேண்டாமாம், பெட்ரோல் குடிக்குமாம்.